ஒரு புகைக்கு மறுபுகை மருந்தாகாது

2001 பிப்ரவரி 28 அன்று பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. பாலாற்று நீரைத் தேக்கிச் சுரங்க நகரத்துக்குக் குடிநீர் அனுப்பிய பேத்தமங்களா தொடங்கி மாரிக்குப்பம் வரை, தமிழ்த் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் பிழைப்புக்குப் பெங்களூரை நம்பி வாழ்கின்றனர். பாறைத்தூளால் நுரையீரல் கெட்ட தலைமுறையைப் பீடிப்புகை மேலும் நலிவித்தது. அடுத்த தலைமுறையைக் காப்பது எப்படி என்பதே இன்றைய கேள்வி. கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கி மலிவாக விற்றால் புகையிலை தானே குறையும் என்று ஒரு வாதம் முன்வைக்கப்படுகிறது. இதைத் தொழிலாளி வர்க்கக் கண்ணோட்டத்தில் ஆராய்வது அவசியம்.

உருகுவே 2013இலும் கனடா 2018இலும் கஞ்சாவை அனுமதித்தன. அதனால் புகையிலைப் பயன்பாடு கூடியதா, குறைந்ததா என்பதில் ஆய்வுகள் ஒரே முடிவைத் தரவில்லை. காரணம் எளிது. சிலருக்குக் கஞ்சா புகையிலையின் மாற்று. வேறு சிலருக்கு அதன் கூட்டாளி. இந்தியாவில் பீடி, சிகரெட் தூளுடன் கஞ்சாவைக் கலந்து புகைப்பது பரவலான வழக்கம். இங்கு ஒன்றின் விலை சரிந்தால் இரண்டுமே பெருகும் அபாயம் உண்டு. முதலாளித்துவம் இதை நன்கறியும். அமெரிக்காவில் மார்ல்பரோ விற்கும் ஆல்ட்ரியா நிறுவனம், 2018 டிசம்பரில் கனடாவின் குரோனோஸ் கஞ்சா நிறுவனத்தில் 180 கோடி டாலர் முதலீட்டை அறிவித்தது. புகையிலையை ஒழிக்க எந்தப் புகையிலை முதலாளியும் பணம் போடுவதில்லை.

விலையின் விளையாட்டை அறிய வெளிநாடு செல்லத் தேவையில்லை. 2026 பிப்ரவரி 1 முதல் சிகரெட்டுக்கு 40 சதவீத ஜிஎஸ்டியும் அதன்மேல் உற்பத்தி வரியும் விதிக்கப்பட்டன. பீடிக்கோ வரி 28இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. சிகரெட்டை விட்டவர் பீடிக்கு மாறினால் நோய் குறையாது. வரிச்சலுகையால் வேலூர், திருநெல்வேலியில் பீடி சுற்றும் பெண்களின் கூலி தானாக உயர்ந்துவிடாது.

2016–17 தேசியக் கணக்கெடுப்பின்படி புகையிலை பயன்படுத்தும் வயதுவந்தோர் 26.7 கோடிப் பேர். சட்டவிரோதக் கஞ்சா, சரஸ் பயன்படுத்துவோர் 1.3 கோடி என்றது 2019இல் வெளியான எய்ம்ஸ் ஆய்வு. முன்னதற்குக் கடைவீதி, பின்னதற்குச் சிறை. 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டப்படி சிறிதளவு கஞ்சா வைத்திருந்தாலும் ஓராண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. கடத்தலின் முதலாளிகள் தப்ப, பொட்டலத்துடன் பிடிபடும் ஏழை இளைஞன் வழக்கில் சிக்குகிறான். அதே சட்டத்தின் 64ஏ பிரிவு, தானாக முன்வந்து சிகிச்சை பெறும் போதை அடிமைக்கு, சிறிதளவு வைத்திருந்த குற்றத்தில் வழக்கிலிருந்து விலக்களிக்கிறது. இதை அறிந்தோர் மிகச் சிலரே.

எனவே சிறையும் தீர்வல்ல, சந்தையும் தீர்வல்ல. சிகரெட், பீடி இரண்டின் வரியும் இடைவெளியின்றி உயர வேண்டும். அவ்வருவாய் பீடித் தொழிலாளரின் மாற்று வாழ்வாதாரத்துக்கும் அரசு மருத்துவமனைகளில் இலவசப் போதை மீட்புச் சிகிச்சைக்கும் செல்ல வேண்டும். பயன்படுத்துவோர் நோயாளிகளாகவும், வணிகம் நடத்துவோர் குற்றவாளிகளாகவும் நடத்தப்பட வேண்டும். தங்கவயலில் வேலைவாய்ப்புக் கோரும் போராட்டத்தோடு இக்கோரிக்கைகளையும் இணைத்து, 64ஏ பிரிவை வீடுதோறும் எடுத்துச் சொல்வது கட்சிக் கிளைகளின் உடனடிக் கடமை.