நீமோவுடன் யாரைக் குடிவைப்பது?



2003ஆம் ஆண்டு 'ஃபைண்டிங் நீமோ' திரைப்படம் வெளிவந்த பிறகு, கடல்மீன் வளர்க்கும் ஆசை பல பிள்ளைகளைப் பற்றிக்கொண்டது. வீட்டிலோ வகுப்பறையிலோ சிறிய உவர்நீர்த் தொட்டி வைப்பது நல்ல முயற்சிதான். ஆனால், மீனைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பைப் பிள்ளையின் கண்ணுக்கு மட்டுமே விட்டுவிடக்கூடாது என்பது என் கருத்து.

பிள்ளைகள் நிறத்தைப் பார்க்கிறார்கள். நாம் பார்க்க வேண்டியவை மூன்று: மீன் எவ்வளவு வளரும்? எதை உண்ணும்? எவற்றோடு ஒத்து வாழும்?

டோரி என்னும் அந்த நீல மீனையே எடுத்துக்கொள்வோம். கடையில் விரல் நீளமே இருக்கும். முழு வளர்ச்சியில் 30 செண்டிமீட்டர்வரை எட்டும். 60 செண்டிமீட்டர் தொட்டி அதற்கு வீடன்று, சிறை. கண்ணைப் பறிக்கும் மண்டாரின் மீன், பாறையிடுக்குகளில் வாழும் மிகச் சிறிய உயிரினங்களை நாள் முழுதும் தேடியுண்ணும். புதிய தொட்டியில் அவை போதிய அளவு இரா. மீன் பட்டினியால் மெல்ல மடியும். விலை மலிவான டேம்சல் மீன்களில் பலவும் இடத்திற்காக மற்றவற்றை விரட்டிக் கடிப்பவை.

அப்படியானால் எவற்றை வளர்ப்பது? 75 லிட்டர் தொட்டிக்கு இரண்டு கோமாளி மீன்களும் ஒரு மஞ்சள் கோபி மீனும் போதும். பண்ணையில் பிறந்த கோமாளி மீன்களே கிடைக்கின்றன. கடலில் பிடித்தவற்றை வாங்கத் தேவையில்லை. இரண்டையும் சிறியனவாக வாங்கினால், பெரியது பெண்ணாக மாறும். மற்றது ஆணாக இணங்கி வாழும். மூன்றாவதைச் சேர்த்தால் சண்டைதான்.

கோபி தரையோடு வாழ்வது. அதனுடன் ஒரு பிஸ்டல் இறாலையும் விடலாம். பார்வை மங்கிய இறால் வளை தோண்டும்; மீன் வாயிலில் நின்று காவல் காக்கும். கூட்டு வாழ்வை இதைவிடத் தெளிவாக எந்தப் பாடநூல் காட்டும்? கோபியை முதலில் விடுங்கள். இடத்திற்கு உரிமை கொண்டாடும் கோமாளி மீன்கள் கடைசியாக வரட்டும். கோபி துள்ளி வெளியே விழக்கூடும் என்பதால் தொட்டிக்கு வலைமூடி வேண்டும்.

தொட்டி வாங்கிய அன்றே மீன் வாங்க வேண்டாம். கழிவிலிருந்து உண்டாகும் அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியா பெருக ஏறக்குறைய 4 முதல் 6 வாரம் பிடிக்கும். நம் வெப்பத்தில், மின்விசிறி மட்டுமே உள்ள வகுப்பறையில் நீர் 30 பாகை செல்சியசை எளிதில் எட்டும். சூடான நீரில் உயிர்வளியும் குறைவு. நீரைக் குளிர்விக்க வழியில்லை, விடுமுறையில் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்றால், பள்ளியில் கடல்நீர்த் தொட்டியே வேண்டாம்.

மீன் செத்தால் வருந்தும் பிள்ளையிடம், "அழாதே, வேறொன்று வாங்கலாம்" என்று ஆறுதல் சொல்கிறோம். அது ஆறுதலன்று, உயிர் என்பது மாற்றிக்கொள்ளக்கூடிய பொருள் என்னும் பாடம். கடையிலேயே, "இந்த மீன் நம் தொட்டியில் வாழாது, அதனால் வேண்டாம்" என்று காரணத்தோடு மறுத்துப் பாருங்கள். அப்போது பிள்ளை முகம் வாடலாம். ஆனாலும், தன் விருப்பத்தைவிட இன்னோர் உயிரின் தேவை முதன்மையானது என்பதை அன்று அது கற்றுக்கொள்ளும்.

பெற்றோர்களே, ஆசிரிய நண்பர்களே, உங்கள் கருத்து என்ன?