ஓடுகிற வண்டியில் பரிமாறாதீங்க!

போன வருஷம் ஆவணியில் நாத்தனார் மகனுக்கு திருச்செந்தூரில் மொட்டையும் காதுகுத்தும் வைத்திருந்தார்கள். திருச்சியிலிருந்து 12 சீட் வேன் ஒன்றைப் பேசி, காலை 6 மணிக்கெல்லாம் கிளம்பி விட்டோம். விராலிமலை தாண்டியதுமே குழந்தைகள், 'பசிக்குது, பசிக்குது' என்று ஆரம்பித்தன.

'நிறுத்தினா நேரமாயிடும், ஓடற வண்டியிலேயே ஆளுக்கு நாலு இட்லி குடுத்துடும்மா' என்றார் மாமியார். நானும் எழுந்தேன். ஒரு கையில் இட்லித் தூக்கு, இன்னொரு கை சீட் கம்பியில். முதுகை ரோட்டுக்குக் காட்டிக்கொண்டு நின்றபடி பரிமாறினேன். இதைப் படிக்கிற சகோதரிகளில் ஓடுகிற வண்டியில் இப்படி நின்று பரிமாறாதவர் யாராவது இருக்கிறீர்களா?

துவரங்குறிச்சி பக்கம் மொபெட்டில் ஒரு பெரியவர் திடீரென்று குறுக்கே வந்துவிட்டார். டிரைவர் தம்பி போட்டார் பாருங்கள் ஒரு பிரேக்! நான் மல்லாந்து போய் முன்பக்கம் விழுந்தேன். காறை எலும்பு முறிந்தது. என்னோடு கிளம்பிய சாம்பார் தூக்கு, என் ஐந்து வயது மகளின் புருவத்தைப் பிளந்தது. மூன்று தையல். இன்னும் அரை அங்குலம் தள்ளியிருந்தால் கண் போயிருக்கும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், வண்டி எதன் மீதும் மோதவில்லை. அந்தப் பெரியவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வேனில் ஒரு கீறல்கூடக் கிடையாது. முன்னால் உட்கார்ந்திருந்த என் கணவரும் டிரைவரும் இடத்தை விட்டு அசையவில்லை. காரணம், 'டோல்கேட்டில் போலீஸ் பிடிப்பான்' என்று இரண்டு பேரும் பெல்ட் போட்டிருந்தார்கள்.

கையில் கட்டோடு டிரைவரைக் கேட்டேன், 'ஏம்ப்பா, பின்சீட்டுக்கு பெல்ட்டே இல்லையா?' 'இருக்குக்கா. யாரும் போடறதில்ல, குத்துதுன்னு சொல்றாங்க. அதான் சீட் கவருக்கு அடியில சொருகி வெச்சிருக்கேன்' என்றார். அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. நாம் என்றைக்காவது கேட்டிருந்தால்தானே அவர் வெளியே எடுத்து வைப்பார்?

ஆறு வாரம் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வீட்டில் இருந்தபோது, இதைப் பற்றி நிறையப் படித்தேன். 50 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி எதிலாவது மோதி நின்றால், உள்ளே பெல்ட் போடாமல் இருப்பவருக்கு அது மூன்றாவது மாடியிலிருந்து கீழே விழுகிற மாதிரியாம். மடியில் இருக்கிற 10 கிலோ குழந்தை அந்த நொடியில் பல மடங்கு கனத்துப் போகும். எந்தத் தாயாலும் பிடித்து வைக்க முடியாது. 'நான் கெட்டியா பிடிச்சுக்குவேன்' என்று நாம் சொல்வதெல்லாம் பாசத்தில் சொல்வது. போதாக்குறைக்கு, பெல்ட் போடாத தாயே பின்னாலிருந்து குழந்தையை நசுக்கி விடுவாள். ஒரே பெல்ட்டை இருவருக்கும் சேர்த்துப் போடுவதும் அதே ஆபத்துதான். முன்சீட்டில் மடியில் வைத்துக்கொள்வது இன்னும் மோசம். காற்றுப்பை கண் இமைக்கும் நேரத்தில் வெடித்து விரியும்போது, அதற்கும் நமக்கும் நடுவே இருப்பது குழந்தைதான்.

பின்சீட்டில் இருந்தால் பத்திரம் என்ற நினைப்பும் நமக்கு உண்டு. 2022 செப்டம்பர் 4-ம் தேதி, மும்பையை அடுத்த பால்கர் அருகே நடந்த விபத்தில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி இறந்தது நினைவிருக்கும். விலை உயர்ந்த கார் அது. முன்சீட்டில் இருந்த இருவர் படுகாயத்தோடு பிழைத்தார்கள். பின்சீட்டில் இருந்த இருவர் இறந்தார்கள். பின்னால் இருந்தவர்கள் பெல்ட் போடவில்லை என்றார்கள் போலீசார். காரின் பின்சீட்டுக்கும் பெல்ட் கட்டாயம் என்று சட்டம் இருக்கிறது. 2019-ல் திருத்திய பிறகு அபராதம் 1,000 ரூபாய். 14 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு பெல்ட்டோ, அதற்குரிய தனி இருக்கையோ வேண்டும் என்றும் சொல்கிறது. ஆனால், பெல்ட் போடாவிட்டால் கத்துகிற அலாரத்தின் வாயை அடைக்க ஒரு கிளிப் விற்றார்கள். நம் ஆட்களும் வாங்கினார்கள்! ஆன்லைனில் அதை விற்கக் கூடாது என்று 2023-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் உத்தரவு போட வேண்டியதாயிற்று.

நாம் சொல்கிற சாக்குகளும் எனக்குத் தெரியும். பட்டுப்புடவை கசங்கும், பூ நசுங்கும், பக்கத்துத் தெருதானே! கர்ப்பிணிகள் போடக் கூடாது என்று ஒரு பேச்சு உண்டு. அது தப்பு. அவர்களும் போட வேண்டும். கீழ்ப் பட்டை வயிற்றின் மேல் ஏறாமல், வயிற்றுக்கு அடியில் இடுப்பு எலும்பில் படிய வேண்டும். மேல் பட்டை மார்புக்கு நடுவே வந்து வயிற்றின் பக்கவாட்டில் இறங்க வேண்டும்.

இப்போது கட்டில், அடுப்பு, பாத்ரூம் எல்லாம் வைத்த கேரவன் வண்டிகள் வேறு சுற்றுலாவுக்கு வாடகைக்குக் கிடைக்கின்றன. கேரளாவில் 2021-ல் அரசே கேரவன் சுற்றுலாத் திட்டம் கொண்டு வந்தது. பார்க்க ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால், வண்டி ஓடும்போது அந்தக் கட்டிலில் குழந்தைகளைப் படுக்க வைத்து, அம்மா எழுந்து காபி கலக்கப் போனால், என் கதைதான் அங்கேயும். வண்டி நிற்கிற வரை எல்லோரும் பெல்ட் உள்ள இருக்கையில்தான் இருக்க வேண்டும். வேனில் சீட்டைக் கழற்றிவிட்டு ஜமக்காளம் விரித்துப் போகிறவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

குடும்பத்தில் எல்லோரும் உட்கார்ந்திருக்க, ஓடுகிற வண்டியில் நிற்கிற ஒரே ஆள் பெரும்பாலும் நாம்தான். தண்ணீர் பாட்டில் எடுக்க, வாந்திக்குக் கவர் கொடுக்க, குழந்தைக்கு ஸ்வெட்டர் மாட்ட என்று பத்து தடவை எழுந்திருப்போம். யாரும் நம்மை, 'உட்காரு' என்று சொல்வதில்லை. நாமும் உட்காருவதில்லை.

இந்தத் தை மாதம் பழனிக்குப் போனோம். வேன் பேசும்போதே, 'பின்சீட் பெல்ட்டெல்லாம் வெளியே எடுத்து வைங்க தம்பி' என்று சொல்லிவிட்டேன். வையம்பட்டி தாண்டி ஒரு புளிய மரத்தடியில் வண்டியை ஓரங்கட்டி, ஜமக்காளம் விரித்துச் சாப்பிட்டோம். மொத்தமே 20 நிமிஷம்தான் ஆனது. முதலில் முணுமுணுத்த மாமியார், இரண்டு இட்லி கூடவே சாப்பிட்டார். டிரைவருக்கும் சூடாக நாலு கிடைத்தது. திரும்ப வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் மாமியார் என்னைக் கூப்பிட்டார்.

'ஏம்மா, இந்தக் கொக்கியை எதுல மாட்டணும்? கொஞ்சம் காட்டேன்.'

— ஒரு வாசகி, திருச்சி