மேய்ச்சல் நிலத்தில் முதல் உரிமை யாருக்கு?

வட அமெரிக்காவின் ராக்கி மலைகளுக்குக் கிழக்கே ‘பிரெய்ரி’ எனப்படும் பெரும் புல்வெளி விரிந்து கிடக்கிறது. அந்நிலத்தின் பூர்வகுடிகளான லகோட்டா, நகோடா, ஆனி, பிளாக்ஃபீட், ஷையன் முதலிய சமூகத்தாருக்கு இன்று அதில் மிஞ்சியிருப்பவை சில துண்டுகளே. ‘ரிசர்வேஷன்’ என்று பெயரிடப்பட்ட அந்நிலங்களில் மாடு வளர்ப்பதா, அழிந்துகொண்டிருக்கும் காட்டுயிர்களைக் காப்பதா என்ற வழக்கு பல்லாண்டுகளாக நடந்து வருகிறது. இரு தரப்பாரும் கேள்வியையே தவறாக வைத்திருக்கிறார்கள் என்பது என் கருத்து. மாடு மேய்வதா கூடாதா என்பதன்று கேள்வி. யாருடைய மாடு, எத்தனை மாடு, காட்டுயிருக்கு இடம் விடுவதால் வரும் இழப்பை யார் சுமப்பது என்பனவே கேள்விகள்.

முதலில் அந்நிலத்தின் கதையைச் சற்று அறிந்துகொள்ள வேண்டும். பைசன் எனப்படும் காட்டெருமைகள் ஒரு காலத்தில் அங்கே கோடிக்கணக்கில் திரிந்தன. தோலுக்காகவும், அவற்றை நம்பி வாழ்ந்த மக்களைப் பணியவைப்பதற்காகவும் அவை கொன்று குவிக்கப்பட்டன. 1880களின் முடிவில் காட்டில் எஞ்சியவை சில நூறு மட்டுமே. அதனைத் தொடர்ந்து 1887இல் ஒரு சட்டம் வந்தது. சமூகத்தின் பொதுச் சொத்தாயிருந்த நிலம் தனித்தனிக் குடும்பத்தலைவர்களுக்கென்று துண்டாக்கப்பட்டது. ‘மீதி’ என்று சொல்லப்பட்டது வெளியாருக்குத் திறந்துவிடப்பட்டது. அவ்வாண்டு பூர்வகுடிகளின் கையில் 13.8 கோடி ஏக்கர் இருந்தது. 1934இல் அச்சட்டத்தின் போக்கு நிறுத்தப்பட்டபோது எஞ்சியது 4.8 கோடி ஏக்கர்.

துண்டாக்கப்பட்ட நிலமும் தலைமுறை தலைமுறையாக வாரிசுகளுக்குள் பிரிந்துகொண்டே போயிற்று. நிலத்தில் எல்லைக்கல் நடப்படவில்லை. ஏட்டில் மட்டுமே பங்கு சிறுத்தது. ஒரே துண்டுக்கு நூற்றுக்கணக்கான பங்காளிகள் இருப்பது அங்கே அதிசயமன்று. வாரிசுரிமைப் பாகப்பிரிவினையில் ஒரு வீட்டை எட்டுப் பேர் பிரித்துக்கொள்ளும் சிக்கலை நாமறிவோம். அதை நூறு மடங்காக்கிப் பாருங்கள். இத்தகைய நிலத்தில் எவரும் தனியே பட்டி வைக்க முடியாது. ஆகவே மத்திய அரசின் பூர்வகுடி விவகாரத் துறை பல துண்டுகளை ஒன்றுசேர்த்து மேய்ச்சல் அனுமதியாக வழங்குகிறது. அனுமதி பெறுவோரில் பூர்வகுடியல்லாத வெளிப்பண்ணையாளர் மிகப் பலர். மாடு வாங்க மூலதனம் அவர்களிடம் இருக்கிறது. பூர்வகுடிக் குடும்பத்திடம் இல்லை. இது தற்செயலன்று. அரசின் வேளாண்மைத் துறை கடன் வழங்குவதில் தங்களைப் பாகுபடுத்தியது என்று பூர்வகுடி உழவர்களும் பண்ணையாளர்களும் 1999இல் தொடுத்த வழக்கு, 2010இல் 76 கோடி டாலர் மதிப்புள்ள உடன்பாட்டில் முடிந்தது.

இப்பின்னணியை மறந்துவிட்டு, “அங்குள்ளவர்கள் மாட்டைக் குறைத்துக்கொண்டு காட்டுயிரைக் காக்கட்டும்” என்று தொலைவிலிருந்து சொல்வது எளிது. நான் அதை ஏற்பதற்கில்லை.

ஆயினும் காட்டுயிரின் தரப்பிலும் கனமான நியாயம் இருக்கிறது. பிரெய்ரி நாயை எடுத்துக்கொள்வோம். பெயரில்தான் நாய், இனத்தால் அணில். வளை தோண்டிக் கூட்டமாக வாழும், புல்லைத் தின்னும், பகைவனைக் கண்காணிப்பதற்காக வளையைச் சுற்றியுள்ள புல்லைக் கத்தரித்தும் வைக்கும். மாட்டின் வாயிலுள்ளதைப் பறிக்கும் பிராணி என்று கருதி, இருபதாம் நூற்றாண்டு முழுவதும் அரசே நஞ்சு வைத்து அதனைக் கொன்றது. மேய்ச்சல் விளைவில் பாதி முதல் முக்கால் பங்கு வரை அது அழிக்கிறது என்று 1902இல் ஓர் அதிகாரி எழுதிவைத்ததே நெடுங்காலம் ஆதாரமாயிருந்தது. பின்னாளில் கொலராடோவின் குறும்புல் வெளியில் எடைபோட்டுப் பார்த்தபோது கணக்கு வேறாக இருந்தது. மேய்ச்சல் பரப்பில் 20 விழுக்காட்டை வளைகள் பிடித்தபோது மாடுகளின் எடை ஏற்றத்தில் குறைந்தது ஐந்தரை விழுக்காடு. 60 விழுக்காட்டைப் பிடித்தபோது ஏறத்தாழ 14 விழுக்காடு. வளையருகே திரும்பத் திரும்பக் கடிபட்டுத் துளிர்க்கும் இளம்புல்லில் சத்து மிகுதி என்பது இதற்கு ஒரு காரணம்.

இழப்பே இல்லை என்று இதற்குப் பொருளன்று. இருநூறு மாடு வைத்திருப்பவனுக்கு ஐந்து விழுக்காடு என்பது வங்கித் தவணையாக இருக்கலாம். வறட்சி ஆண்டில் அது இன்னும் கடுமையாகும். ஆயினும் வளைகளை முற்றாக ஒழித்தே தீரவேண்டும் என்னும் வாதத்திற்கு இந்த எண்கள் இடம் தரவில்லை.

பிரெய்ரி நாய் ஒழிந்தால் அதனோடு ஒழிவது கருங்கால் ஃபெரட். கீரி போன்ற நீண்ட உடல். கண்ணைச் சுற்றிக் கறுப்புப் பட்டை. அதன் இரை பெரும்பாலும் பிரெய்ரி நாய். வீடும் அதன் வளையே. பூண்டோடு அற்றுப்போனதாகக் கருதப்பட்ட அவ்வுயிர், 1981இல் வயோமிங் மாநிலத்தின் மீட்டீட்சி என்னும் ஊருக்கருகே மீண்டும் தென்பட்டது. ஒரு பண்ணையின் காவல் நாய் செத்த ஃபெரட் ஒன்றைக் கொண்டுவந்து போட்டபோதுதான் உலகம் அதனை அறிந்தது. கடைசிக் கூட்டம் உயிர்பிழைத்திருந்தது மாடு மேயும் பண்ணை நிலத்தில் என்பதைக் கவனியுங்கள். மாடும் காட்டுயிரும் ஒரே மண்ணில் வாழவே இயலாது என்போர் இதற்கு விடை சொல்ல வேண்டும். நோய் பரவியதால், எஞ்சியவை அனைத்தையும் பிடித்துக் கூண்டில் பெருக்கினர். 1987இல் கையிலிருந்தவை பதினெட்டு. அவற்றுள் ஏழின் சந்ததியே பின்னர் மீண்டும் வெளியில் விடப்பட்டது.

எங்கே விடப்பட்டது என்பதுதான் நம் பொருளுக்கு முக்கியம். வெளிப்பண்ணையாளர் பலர் நஞ்சு வைத்துத் தங்கள் நிலத்தைத் துடைத்துவிட்டிருந்தனர். பெரிய வளைக்கூட்டங்கள் மிஞ்சியிருந்த இடங்களுள் பூர்வகுடி நிலங்கள் முதன்மையானவை. மொன்டானாவின் ஃபோர்ட் பெல்நாப்பில் 1997இலும், தெற்கு டகோட்டாவின் ஷையன் ரிவரில் 2000இலும், ரோஸ்பட்டில் 2003இலும் ஃபெரட்டுகள் விடப்பட்டன. ஃபோர்ட் பெல்நாப்பில் அவை பிளேக் நோயால் அற்றுப்போயின. 2013இல் மறுபடியும் விட்டார்கள். அதே நிலத்தில் 2020 முதல், பூனையளவே உள்ள ஸ்விஃப்ட் நரியும் திரும்பக் கொண்டுவரப்படுகிறது. எல்லாம் பறிக்கப்பட்ட மக்களிடம்தான், பறித்தவர்கள் அழித்த உயிர்களுக்கும் இடம் கேட்க வேண்டியிருக்கிறது. இதனைவிடக் கசப்பான முரண் எனக்குத் தெரிந்து அதிகமில்லை.

பைசனின் மீள்வருகை வேறு வகை. பூர்வகுடிச் சமூகங்கள் தாமே விரும்பிச் செய்வது அது. யெல்லோஸ்டோன் பூங்காவிலிருந்து 2012இல் ஃபோர்ட் பெக்கிற்கும், மறு ஆண்டு ஃபோர்ட் பெல்நாப்பிற்கும் பைசன்கள் வந்தன. ரோஸ்பட்டில் 2020 முதல் ஏறத்தாழ 28,000 ஏக்கர் பைசனுக்கென்றே ஒதுக்கப்பட்டுள்ளது. அங்கும் உரசல் உண்டு. பைசனுக்குப் போகும் ஏக்கர் மாட்டுக்குக் கிடைக்காதல்லவா! யெல்லோஸ்டோன் பைசன்கள் புருசெல்லா நோயை மாட்டுக்குத் தரும் என்னும் அச்சமும் அதனுடன் சேர்ந்துகொள்கிறது. அந்நோயே ஐரோப்பியர் கொண்டுவந்த மாடுகளிலிருந்து பைசனுக்குத் தொற்றியது என்பதை ஏனோ பலரும் சொல்வதில்லை.

இவ்விடத்தில் நம் மரபிலுள்ள ‘ஹிமா’வை நினைவுகூர்வது பொருந்தும். அறியாமைக் காலத்துக் குலத்தலைவர்கள் வளமான மேய்ச்சல் நிலத்தைத் தம் மந்தைக்கென்று வளைத்துக்கொள்வது வழக்கம். நபி (ஸல்) அவர்கள் அதனை ஒழித்து, பொதுநலனுக்கு மட்டுமே ஹிமா என்று வரையறுத்தார்கள். கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஹிமாவின் காவலராக ஹுனைய் என்பவரை அமர்த்தியபோது சொன்னவை ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளன. சில ஒட்டகங்களும் சில ஆடுகளும் வைத்திருப்பவரை உள்ளே விடு. இப்னு அவ்ஃப், இப்னு அஃப்பான் ஆகியோரின் மந்தைகள் குறித்து எச்சரிக்கையாயிரு என்பது அவ்வறிவுரையின் கருத்து. மந்தை மடிந்தால் செல்வருக்குப் பேரீச்சந்தோட்டமும் வயலும் உண்டு. ஏழையோ பிள்ளைகளுடன் தம் வாசலுக்கே வந்து நிற்பான். அப்போது பொன்னும் வெள்ளியும் கொடுப்பதைவிட இப்போது புல்லும் நீரும் கொடுப்பது எளிது என்று அவர்கள் காரணமும் சொன்னார்கள். இருவரும் மாபெரும் நபித்தோழர்கள் என்பது அக்கணக்கில் குறுக்கிடவில்லை. அந்நிலம் அம்மக்களின் நிலமே என்பதையும் அதே பேச்சில் உமர் (ரலி) அவர்கள் ஒப்புக்கொண்டார்கள். வகுப்பில் இப்பகுதியை நடத்தும்போது மாணவர்கள் பெரும்பாலும் ஹுனையின் பெயரைத்தான் தேர்வுக்காக மனனம் செய்வார்கள், காரணத்தை விட்டுவிடுவார்கள்.

அந்த ஹிமா காட்டுயிருக்காக அன்று. அறப்போருக்கும் ஜகாத்துக்குமான கால்நடைகளுக்காக ஏற்பட்டது. அவ்வேறுபாட்டை மறைக்க நான் விரும்பவில்லை. எடுத்துக்கொள்ள வேண்டியது, புல் போதாதபோது யாரை முதலில் வெளியே நிறுத்துவது என்னும் வரிசையை.

பிரெய்ரியில் இன்று அவ்வரிசை தலைகீழாக இருக்கிறது. அங்கே மேய்ச்சலை அளக்கும் அலகு, ஒரு பசுவும் கன்றும் ஒரு மாதத்தில் தின்னும் தீவனம். இத்தனை ஏக்கரில் இத்தனை அலகு என்று எண்ணி அனுமதி எழுதுகிறார்கள். ஃபெரட்டுக்கோ பைசனுக்கோ இடம் விட வேண்டுமென்றால் அந்த எண்ணிக்கை குறைய வேண்டும். குறைப்பை எல்லோர் மீதும் சமமாகச் சுமத்தினால், ஐம்பது மாடு வைத்திருக்கும் லகோட்டாக் குடும்பமே முதலில் முறியும். ஆயிரம் மாட்டுக்காரர் வேறு நிலம் பிடித்துக்கொள்வார். ஆகவே குறைப்பு பெரிய மந்தைகளிலிருந்து, அதிலும் வெளியாரின் மந்தைகளிலிருந்து தொடங்க வேண்டும். அச்சமூகத்தின் சிறு பண்ணையாளர் மீது கடைசியில்தான் கைவைக்க வேண்டும். அப்போதும் ஈடு கொடுத்தே வைக்க வேண்டும்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்றுண்டு. வெளியார் செலுத்தும் மேய்ச்சல் கட்டணமே பல முதியோருக்கும் வாரிசுதாரருக்கும் கிடைக்கும் சிறு வருமானம்; சமூக நிர்வாகத்திற்கும் அதில் பங்குண்டு. மாட்டைக் குறைத்தால் அது குறையும். நியாயமான கவலை. ஃபெரட் வாழ வேண்டும் என்று விரும்புவது உலகமே என்றால், அதற்கான கட்டணத்தையும் உலகமே கட்டட்டும். ஒரு ஏக்கரில் மாடு மேய்ந்தால் வரும் தொகையை, அதே ஏக்கரில் வளைகள் இருந்தாலும் உரிமையாளருக்குக் கொடுத்துவிடுவதில் என்ன தடை? மத்திய அரசுக்கும் செல்வம் மிகுந்த பாதுகாப்பு அமைப்புகளுக்கும் அது பெருந்தொகையன்று. முடிவெடுக்கும் அதிகாரம் மட்டும் அச்சமூகங்களின் மன்றங்களிடமே இருக்க வேண்டும். பணம் கொடுப்பவர் நிலத்தின் எசமானராகிவிடக் கூடாது.

மாட்டை அறவே வெளியேற்றுவோம் என்பாருக்கும் ஒரு சொல். பிரெய்ரியின் பெரும்பகை மாடன்று, ஏர். உழுது தானியம் விதைத்த நிலம் பழைய புல்வெளியாகத் திரும்புவது அரிதினும் அரிது. 1970 முதல் வட அமெரிக்கப் புல்வெளிப் பறவைகளில் பாதிக்கு மேல் குறைந்துவிட்டன. புல்வெளி உழப்பட்டது அதற்குப் பெருங்காரணம். மாட்டால் பிழைக்க முடியாத குடும்பம் நிலத்தை உழுபவனுக்கே குத்தகைக்கு விடும்.

இவை நடந்தேறுவதற்குள் செய்யத்தக்க சிறு காரியங்களும் உள. பிராங்ஹார்ன் என்னும் மான் போன்ற விலங்கு மின்னலாய் ஓடும். ஆனால் வேலியைத் தாண்டாது, அடியில் நுழைந்தே செல்லும். முள்கம்பி வேலியின் கீழ்க்கம்பியை முள்ளில்லாததாக மாற்றி, தரையிலிருந்து பதினெட்டு அங்குலம் உயர்த்திக் கட்டினால் அது காயமின்றிக் கடந்துவிடும், மாடு வெளியேறாது. மேய்ச்சல் அனுமதிகள் பெரும்பாலும் பத்தாண்டுக்கு மேற்படாதவை. அடுத்த முறை புதுப்பிக்கும் தாளில் இந்த ஒரு கம்பியையும், எந்த மந்தை முதலில் குறைய வேண்டும் என்னும் வரிசையையும் எழுதிச் சேர்க்கலாம்.