மார்க்குக்கு ஒரு பிரெஞ்சு, பேச ஒரு பிரெஞ்சு

குற்றாலத்தில் சாரல் தொடங்கும் ஜூன் மாதத்தில்தான் பிளஸ் ஒன் சேர்க்கையும் சூடுபிடிக்கிறது. பெருநகரத் தனியார் பள்ளிகளில் பல ஆண்டுகளாகப் பழகிப்போன கேள்வி இப்போது தென்காசிப் பக்கத்துப் பெற்றோரிடமும் எழுகிறது: “தமிழுக்குப் பதிலா பிரெஞ்சு எடுத்தா மார்க் கூட வருமாமே?” பெரும்பாலும் வரும். அந்த மார்க் எங்கே செல்லுபடியாகும் என்பதைத்தான் யாரும் விசாரிப்பதில்லை.

பொறியியல் கலந்தாய்வுக்கான 200 கட்-ஆஃப் மதிப்பெண்ணில் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. மொழிப்பாடத்துக்கு அதில் இடமே இல்லை. மருத்துவத்துக்கு நீட். அரசு கலைக் கல்லூரிகளின் பொதுத் தரவரிசையும் மொழிகளை விட்டுவிட்டு மற்ற நான்கு பாடங்களைத்தான் கூட்டுகிறது. ஆக, பிரெஞ்சில் வாங்கிய நூற்றுக்கு நூறு 600 என்ற மொத்தத்தைப் பளபளப்பாக்கும். பள்ளி வாசலில் கட்டும் பிளக்ஸில் பிள்ளையின் படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கும். இதற்காகத் தமிழைக் கைவிடுவது நட்டக் கணக்கு.

கைவிட வழி எப்படிக் கிடைத்தது? 2006-ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம் பத்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. பதினொன்றில் பகுதி ஒன்று எனப்படும் மொழிப்பாடத்துக்கு எந்த மொழியை எடுப்பது என்பது மாணவர் விருப்பம். அதுவரை ஒரு பிரெஞ்சுச் சொல்லைக்கூடக் கேட்டிராத பிள்ளை அங்கே அரிச்சுவடியிலிருந்து தொடங்குகிறது. பன்னிரண்டு ஆண்டு தமிழ் படித்தவர் செய்யுளும் இலக்கணமும் கொண்ட கனமான தாளை எழுத, பக்கத்து மேசையில் இரண்டாண்டுப் பிரெஞ்சுக்காரர் தொடக்கநிலைத் தாளை எழுதுகிறார். எழுத்துத் தேர்வுக்கு 90, அகமதிப்பீட்டுக்கு 10. மனப்பாடம் செய்து எழுதிவிட்டு வருபவரிடம் பிரெஞ்சில் நாலு வாக்கியம் பேசச் சொன்னால் விழிப்பார். மொழி படித்ததாகச் சான்றிதழ் மட்டும் மிஞ்சுகிறது.

இதை வைத்துப் பிரெஞ்சே வேண்டாம் என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம். பிரெஞ்சும் ஸ்பானிஷும் தென்காசிப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் கிடைக்க வேண்டும், அதுவும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு முதலில் என்பதே நம் நிலை. தமிழின் இடத்தில் உட்காரவைக்காமல் தனியாக, மார்க்குக் கணக்கில் சேர்க்காமல், பேசப் பழக்கும் மொழியாக அவை வர வேண்டும்.

இந்த மாவட்டத்துக்கு இது அந்நியமான ஆசை அல்ல. 1908 முதல் பத்தாண்டுகள் பிரெஞ்சு ஆட்சிப் புதுச்சேரியில் இருந்து அந்த மொழியையும் கற்ற பாரதி, 1918 இறுதியில் வந்து தங்கியது மனைவி செல்லம்மாள் பிறந்த கடையத்தில்தான். பிரெஞ்சு கற்றதால் அவர் தமிழில் ஒரு வரி குறைந்துவிடவில்லை. அவர் படித்தது தேர்வுக்காகவும் அல்ல.

பிழைப்புக் கணக்கும் பார்ப்போம். செங்கோட்டையில் ரயிலேறினால் போய்ச்சேரும் கொல்லத்தின் முந்திரி ஆலைகளுக்குக் கொட்டை வரும் இடங்களில் முக்கியமானது மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட். அங்கே அரசு மொழி பிரெஞ்சு. தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் ஜோஹோ மென்பொருள் நிறுவனம் இயங்குகிறது. அதற்கு மெக்சிகோவிலும் அலுவலகம் உண்டு. அங்கே பேசும் ஸ்பானிஷ் ஏறத்தாழ 50 கோடிப் பேரின் தாய்மொழி. தென்னமெரிக்காவில் பிரேசிலை விட்டுவிட்டால் பெரும்பகுதியில் அதுதான் பேச்சு. மென்பொருள் எழுத நம் ஊர்ப் பிள்ளை போதும். அதை வாங்கியவர் தொலைபேசியில் சிக்கலைச் சொல்லும்போது பதில் சொல்லவும் அந்தப் பிள்ளையே போதும் என்ற நிலை வரக் கூடாதா?

ஸ்பானிஷ் நமக்கு அவ்வளவு கடினமும் இல்லை. வினைச்சொல்லின் விகுதியே ‘நான்’, ‘நீ’, ‘அவர்கள்’ என்று காட்டிவிடுவதால் எழுவாயைச் சொல்லாமலே பேசும் பழக்கம் அந்த மொழியிலும் உண்டு. ஆங்கிலம் வழியாகப் போனால் இது புதிய விதி. தமிழ் இலக்கணத்தை ஒழுங்காகப் படித்த பிள்ளைக்குப் பாதி தெரிந்த விஷயம். தமிழை விட்டுவிட்டு வெளிநாட்டு மொழிக்குப் போவது எவ்வளவு தலைகீழான ஏற்பாடு என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

கனடாவின் மான்ட்ரியல் நகரில் குடியேறிய ஈழத்தமிழர் பிள்ளைகள், கியூபெக் மாகாணத்தின் 1977 மொழிச் சட்டத்தின்படி பிரெஞ்சுப் பள்ளிகளில் படித்து வளர்கிறார்கள். விளையாட்டு, சண்டை, கடைவீதி எல்லாம் அந்த மொழியில் நடப்பதால் அது ஒட்டிக்கொள்கிறது. அந்தச் சூழல் தென்காசியில் வராது. ஆனால் காதால் கேட்பதும் வாயால் பேசுவதும் இல்லாமல் மொழி வராது என்ற பாடத்தை அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

இருமொழிக் கொள்கைக்கு இது முரண் என்பார்கள் சிலர். 1968 ஜனவரியில் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது ஒரு மொழியைத் திணிப்பதற்கு எதிராக. விரும்பிப் படிப்பவரைத் தடுக்க அல்ல. 2020 தேசியக் கல்விக் கொள்கையும் பிரெஞ்சு, ஸ்பானிஷ், ஜப்பானியம், கொரியன் என்று அயல்மொழிகளைப் பட்டியல் போடுகிறது. அங்கே மும்மொழி ஏற்பாடும் உடன் வருவதால், படிக்க விரும்பும் பிள்ளைக்கு இன்னொரு கட்டாயச் சுமையும் சேர்கிறது. நாம் கேட்பதில் கட்டாயமே கிடையாது.

“தென்காசிக்காரனுக்கு முதலில் மலையாளம் அல்லவா வேண்டும்?” என்பது இதைவிட நியாயமான கேள்வி. 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது. பாவூர்சத்திரம் சந்தைக் காய்கறி இன்றும் மலை தாண்டிக் கேரளத்துக்குத்தான் போகிறது. சீசனில் குற்றாலத்துப் பழக்கடைக்காரர் யாரும் சொல்லித்தராமலே மலையாளத்தில் பேரம் பேசுகிறார். மலையாளத்துக்கும் வகுப்பு வேண்டும் என்றால் மறுப்பில்லை. ஒன்றைக் காட்டி இன்னொன்றைத் தள்ளிப்போட வேண்டாம் என்பதே நம் வேண்டுகோள்.

அரசு செய்ய வேண்டியவை பெரிய செலவு வைப்பவை அல்ல. தாய்மொழி தமிழாக இருக்கும் மாணவருக்கு மேல்நிலையிலும் தமிழைக் கட்டாயமாக்கட்டும்; பிரெஞ்சைக் கூடுதல் பாடமாக எடுக்க வழிவிடட்டும். தென்காசி, செங்கோட்டை, கடையம், சங்கரன்கோவில் என நாலைந்து அரசு மேல்நிலைப் பள்ளிகளில் ஒன்பதாம் வகுப்பிலிருந்து, பள்ளி விட்டபின் வாரம் மூன்று நாள் வகுப்பு. ஒரு வகுப்பில் 25 பேருக்கு மேல் வேண்டாம். கேட்டுப் பழகுவதற்குப் பள்ளிகளில் ஏற்கெனவே இருக்கும் உயர்தொழில்நுட்ப ஆய்வகங்கள் போதும். ஒரே ஆசிரியர் இரண்டு பள்ளிகளுக்குப் போய்வரலாம். பிரெஞ்சில் பட்டம் பெற்றவர்கள் புதுச்சேரியில் கிடைப்பார்கள். ஸ்பானிஷுக்கு ஆள் கிடைப்பது கடினம்தான்; அதற்கு இணையவழி வகுப்போடு தொடங்கலாம்.

முடிவில் பிளஸ் டூ தாள் வேண்டாம். பிரெஞ்சுக்கு டெல்ஃப், ஸ்பானிஷுக்கு தெலே என்று உலகெங்கும் ஏற்கப்படும் தேர்வுகள் இருக்கின்றன. டெல்ஃப் தேர்வில் கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் நான்குக்கும் தலா 25 மதிப்பெண். பேசத் தெரியாமல் அங்கே நூறு வாங்க முடியாது. தேர்வுக் கட்டணத்தையும், தேர்வு மையம் வரை போய்வரும் செலவையும் மாநில அரசின் ‘நான் முதல்வன்’ திறன்மேம்பாட்டுத் திட்டம் ஏற்கட்டும். மாவட்ட ஆட்சியரும் முதன்மைக் கல்வி அலுவலரும் காலாண்டு விடுமுறைக்கு முன்பே பள்ளிகளைத் தேர்ந்தெடுத்து அரசுக்குப் பரிந்துரை அனுப்பினால், அடுத்த கல்வியாண்டின் ஒன்பதாம் வகுப்பிலேயே தொடங்கிவிடலாம்.