நெடும்பலகையா, குறும்பலகையா?

சுங்கை லாலாங்கிலிருந்து கடல் அதிகத் தொலைவில் இல்லை. மெர்போக்கைக் கடந்து மேற்கே சென்றால் தஞ்சோங் டாவாய் வந்துவிடும். ஆற்று முகத்துவாரத்துக்கு அக்கரையில் மெர்டேக்கா கடற்கரை இருக்கிறது. எனினும், அங்குப் பலகையோடு அலைமீது சறுக்குவோரைக் காண்பது அரிது. அது மலாக்கா நீரிணை. சுமத்ரா தீவு மேற்கே அரணாக நீண்டு கிடப்பதால், இந்தியப் பெருங்கடலில் பிறக்கும் அலைகள் வலுவிழந்தே கெடாவின் கரையை வந்தடைகின்றன.

அலைச்சறுக்கு பழக விரும்புவோர் தீபகற்பத்தின் மறுகரைக்குத்தான் செல்ல வேண்டும். நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று தென்சீனக் கடலைக் கலக்கும். அப்போது பகாங் மாநிலத்தின் செராத்திங் கடற்கரையில் நல்ல அலைகள் எழும். ஆண்டிறுதி விடுமுறையில் அங்குச் செல்லும் இளையோர், வாடகைக்குப் பலகை தரும் கடைகளின் முன் நிற்பார்கள். ஒருபுறம் ஆளுயரத்தைவிட நீண்ட, முனை மழுங்கிய, பருத்த பலகைகள் சாத்தப்பட்டிருக்கும். மறுபுறம் கூரிய மூக்குடைய, மெலிந்த, பளபளப்பான பலகைகள் நிற்கும். முதல் வகை லாங்போர்டு எனப்படும் நெடும்பலகை. இரண்டாம் வகை ஷார்ட்போர்டு எனப்படும் குறும்பலகை. புதியவர்களின் கை பெரும்பாலும் குறும்பலகையையே நாடும். தொலைக்காட்சியில் வீரர்கள் அலையைக் கிழித்துக்கொண்டு திரும்புவதும் காற்றில் எழும்புவதும் அதன்மேல்தானே! ஆனால், முதன்முதலாகக் கடலில் இறங்குபவருக்கு அது தவறான தேர்வு. நெடும்பலகையிலிருந்து தொடங்குவதே சரியானது.

இந்தத் தவறு ஏன் நேர்கிறது என்பதைப் புரிந்துகொள்ளலாம். சைக்கிள் பழகும் பிள்ளை சிறிய சைக்கிளில் தொடங்கிப் பெரியதற்கு மாறுகிறது. அப்பாவின் உயரமான சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டு விழுந்து எழுந்தவர்களுக்குச் சிறியது எளிது என்பதும் பெரியது கடினம் என்பதும் முழங்கால் தழும்பு சொல்லித் தந்த பாடம். அலைச்சறுக்கில் இது தலைகீழாகிவிடுகிறது. இங்குப் பெரியதுதான் எளிது, சிறியதுதான் கடினம்.

காரணம் அறிவியல் பாடத்திலேயே இருக்கிறது. நீரில் அமிழும் பொருள் எவ்வளவு நீரை இடம்பெயரச் செய்கிறதோ, அந்த நீரின் எடைக்குச் சமமான மேல்நோக்கு விசையைப் பெறுகிறது. இது ஆர்க்கிமிடிஸ் கண்ட உண்மை. ஒரு லிட்டர் நீரின் எடை ஏறத்தாழ ஒரு கிலோகிராம். நெடும்பலகை பொதுவாக 9 அடியும் அதற்கு மேலும் நீளமுடையது. அதன் கன அளவு 60 முதல் 80 லிட்டர் வரை இருக்கும். குறும்பலகையின் நீளம் 6 அடியை ஒட்டியது. பலவற்றின் கன அளவு 25 முதல் 35 லிட்டர்தான். 50 கிலோகிராம் எடையுள்ள ஒரு மாணவன் 70 லிட்டர் பலகையில் படுத்தால் அது அவனை நீர்மட்டத்துக்கு மேலே தாங்கும். அதே மாணவன் 30 லிட்டர் பலகையில் படுத்தால், பலகையும் அவனுடைய மார்பும் சேர்ந்து நீருக்குள் அமிழும். அமிழ்ந்த பலகையைக் கைகளால் வலித்து முன்னே செலுத்துவது சேற்றில் சைக்கிள் மிதிப்பதைப் போன்றது.

அலையைப் பிடிப்பது என்பது உண்மையில் வேகத்தைப் பற்றியது. பின்னால் வரும் அலை தன்னைக் கடந்து போய்விடாமல், அதன் வேகத்தை ஓரளவாவது எட்டும்படி சறுக்குபவர் கைகளால் நீரை வலிக்க வேண்டும். நெடும்பலகை நீரின்மேல் வழுக்கிச் செல்வதால், அலை உடைவதற்கு முன்பே, இன்னும் சரிவு மென்மையாக இருக்கும்போதே, அதில் ஏறிக்கொள்ளும். எழுந்து நிற்பதற்கு நேரம் கிடைக்கும். அகலமும் அதிகம் என்பதால் கால் சற்றுத் தவறி வைத்தாலும் பலகை உடனே கவிழ்ந்துவிடாது. குறும்பலகையோ அலை செங்குத்தாக எழுந்து உடையும் தருவாயில்தான் ஏறும். அந்த ஓரிரு நொடிகளுக்குள் எழுந்து, பாதம் வைத்து, திரும்பவும் வேண்டும். பழகியவருக்கு அது இன்பம். பழகாதவருக்கு மூக்கில் ஏறும் உப்புநீர்.

தண்ணீர் குடிப்பது பெரிய இழப்பில்லை. அதற்குப் பிறகு நடப்பதுதான் கவலைக்குரியது. காலையிலிருந்து நண்பகல்வரை ஒருமுறைகூட எழுந்து நிற்க முடியாத பிள்ளை, ‘பலகை சரியில்லை’ என்று சொல்வதில்லை. ‘கடல் நமக்குச் சரிப்பட்டு வராது’ என்று சொல்லிவிட்டுக் கரையேறிவிடுகிறது. தோட்டப்புறத்திலும் அதை ஒட்டிய சிற்றூர்களிலும் வளர்ந்த பிள்ளைகள் பலருக்கு இந்த எண்ணம் ஏற்கெனவே பாதி வேரூன்றியிருக்கும். ரப்பர் மரங்களுக்கும் செம்பனைகளுக்கும் நடுவே தலைமுறைகளைக் கழித்த குடும்பங்களில் கடல் அன்றாடப் பொருளன்று. மாசி மகத்தன்று பினாங்கின் தெலுக் பாகாங்கில் தெப்பத் திருவிழாவைக் காணப் போகும்போது காலை நனைத்துவிட்டு வருவார்கள், அவ்வளவுதான். அதோடு, 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை கோத்தா கோல மூடாவைத் தாக்கியதை அவ்வட்டாரத்துப் பெரியவர்கள் மறக்கவில்லை. ‘கடல் பக்கம் போகாதே’ என்று பாட்டி சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. அந்த அச்சத்தைத் தாண்டி ஒரு பிள்ளை கடலுக்கு வருவதே அரிது. வந்த முதல் நாளே பொருந்தாத பலகையைக் கொடுத்து அதைத் திருப்பி அனுப்பிவிட்டால், மறுமுறை அழைத்துவருவது எளிதன்று.

குறும்பலகைக்கு இருக்கும் மதிப்பும் காலம் தந்ததுதான். பழங்கால ஹவாயில் நிலைமை வேறாக இருந்தது. அங்கு ‘ஓலோ’ எனப்பட்ட மிக நீண்ட மரப்பலகைகள் குடித்தலைவர்களுக்கு உரியவை. எளிய மக்கள் ‘அலாயா’ என்னும் குட்டையான பலகைகளில் சறுக்கினர். அன்று நீளமே பெருமை! 1960களின் நடுப்பகுதிவரை உலகெங்கும் 9, 10 அடிப் பலகைகளே பரவலாக இருந்தன. 1967, 1968ஆம் ஆண்டுகளையொட்டி ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் பலகை செய்வோர் அவற்றைக் குட்டையாக்கத் தொடங்கினர். சில ஆண்டுகளுக்குள் நெடும்பலகை பழம்பொருள் ஆனது. ஆஸ்திரேலியரான சைமன் ஆண்டர்சன், பலகையின் அடியில் மீன்துடுப்புப் போன்ற மூன்று துடுப்புகளைப் பொருத்தி 1981இல் பெரிய போட்டிகளை வென்ற பிறகு, அந்த அமைப்பு குறும்பலகையின் இலக்கணமாகவே ஆகிவிட்டது. எது பெருமை என்பது மாறிக்கொண்டே வந்திருக்கிறது. நீரின் மேல்நோக்கு விசை மட்டும் மாறவில்லை.

குறும்பலகையைக் குறைத்து மதிப்பிடவும் கூடாது. 2021இல் ஜப்பானில் நடைபெற்ற தோக்கியோ ஒலிம்பிக்கிலும், 2024இல் பாரிஸ் ஒலிம்பிக்கின் பகுதியாகத் தாஹித்தித் தீவில் நடைபெற்ற போட்டியிலும் குறும்பலகைக்கு மட்டுமே இடம் இருந்தது. 2025 ஆகஸ்டு மாதம் தமிழ்நாட்டின் மாமல்லபுரத்தில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி நடைபெற்றது. அதில் இந்தியாவின் ரமேஷ் புதிஹால் வெண்கலம் வென்றார். அந்த மேடையில் நிற்கும் கனவுடைய பிள்ளை ஒருநாள் குறும்பலகைக்கு மாறியே ஆக வேண்டும். அலைக்கேற்பத் தேர்வும் மாறும். பவளப்பாறையின்மேல் திடீரென எழுந்து உடையும் செங்குத்தான அலையில் நெடும்பலகையின் நீண்ட மூக்கு நீரில் குத்திக்கொள்ளும். அங்குக் குறும்பலகையே கைகொடுக்கும். இலங்கையின் கிழக்கே பொத்துவிலை அடுத்த அறுகம் குடாவில் ஒரே வட்டாரத்துக்குள் தேர்ந்தவர்களுக்கான வேகமான அலையும் உண்டு. தொடக்கநிலையினருக்கான மெல்லிய அலையும் உண்டு. (அந்த ஊரின் பெயரில் அறுகம்புல் இருக்கிறது, சுங்கை லாலாங்கின் பெயரில் லாலாங் புல் இருக்கிறது.) ஆக, எந்தப் பலகை உயர்ந்தது என்பது கேள்வியே அன்று. யாருக்கு, எந்த அலையில், எந்த நாளில் என்பதுதான் கேள்வி.

‘மரப்பலகையில் பழகியவர்களே பெரிய வீரர்களாகவில்லையா?’ என்று சிலர் கேட்கக்கூடும். சென்னைக்குத் தெற்கே உள்ள கோவளம் என்னும் மீனவச் சிற்றூரைச் சேர்ந்த மூர்த்தி மேகவன் அப்படிப்பட்டவர். சிறுவயதில் கிடைத்த மரப்பலகையை வைத்தே அலையில் சறுக்கிய அவர், பின்னர் வெளிநாட்டவர் ஒருவரிடம் உண்மையான பலகையைக் கடன் வாங்கிச் சறுக்கினார். 2012இல் நண்பர்களின் துணையோடு தம் ஊரிலேயே அலைச்சறுக்குப் பள்ளியைத் தொடங்கி, மீனவப் பிள்ளைகளுக்குக் கட்டணமின்றிக் கற்பித்தார். புகையும் மதுவும் கூடாது என்பது அங்கு விதி. இது போற்றத்தக்க வரலாறு. ஆனால், இதைச் சுங்கை லாலாங் பிள்ளைக்கு அப்படியே பொருத்த முடியாது. கோவளத்துப் பிள்ளை நடக்கப் பழகும்போதே கடலையும் பழகிவிடுகிறது. அலை எப்போது உடையும், நீரோட்டம் எங்கே இழுக்கும் என்பதெல்லாம் கட்டுமரத்தில் கரை திரும்பும் அப்பாவைப் பார்த்தே அதற்குத் தெரிந்துவிடும். அப்படிப்பட்டவருக்கு எந்தப் பலகையும் பலகைதான். கடலையும் பலகையையும் ஒரே நாளில் கற்க வேண்டியவருக்கு, பலகையாவது எளிதாக இருக்கட்டும்.

நெடும்பலகைக்கும் குறைகள் உண்டு. அதைச் சுமந்து செல்வதே ஒரு வேலை. காற்று வீசும் நாளில் அக்குளுக்கும் கைக்கும் இடையே அது அடங்காது. குறும்பலகைக்காரர் உடையும் அலைக்கு அடியில் பலகையை அமிழ்த்தி மறுபுறம் வெளிவந்துவிடுவார். நெடும்பலகையை அப்படி அமிழ்த்த முடியாது. கைவிட்டுப் போனால் அது அருகில் இருப்பவரின் தலையைப் பதம்பார்க்கும். எனவே, கணுக்காலில் கயிற்றைக் கட்டாமல் நீரில் இறங்கக் கூடாது. கயிறு இருக்கிறதே என்று பலகையை வீசிவிட்டு நீரில் மூழ்கவும் கூடாது. இன்னொன்று, நெடும்பலகையில் இருப்பவருக்கு எல்லா அலையும் எளிதில் கிடைக்கும். அதனால் எல்லாவற்றையும் தாமே எடுத்துக்கொள்ளும் ஆசையும் வரும். வரிசையில் காத்திருக்கும் மற்றவருக்கு அலையை விட்டுத்தரத் தெரியாதவர் எந்தக் கடற்கரையிலும் நெடுநாள் வரவேற்கப்படுவதில்லை.

நெடும்பலகை விளையாட்டு குழந்தைகளுக்கானது என்று நினைப்பவர்கள் 2019ஐ நினைத்துப் பார்க்க வேண்டும். அவ்வாண்டு டிசம்பரில் பிலிப்பீன்சில் நடைபெற்ற சீ விளையாட்டுப் போட்டியில் நெடும்பலகைக்குத் தனிப் பிரிவு இருந்தது. லா யூனியன் கடற்கரையில் பிலிப்பீன்சின் ரோஜர் கசுகாயும் இந்தோனேசியாவின் அரிப் நூர்ஹிடாயாட்டும் மோதிக்கொண்டிருந்தனர். அலைகள் கடுமையாக இருந்தன. அரிப்பின் கணுக்கால் கயிறு அறுந்து பலகை போய்விட்டது; அவர் நீரோட்டத்தில் தத்தளித்தார். முன்னேறிக்கொண்டிருந்த ரோஜர் போட்டியை விட்டுவிட்டு அவரிடம் சென்றார். இருவரும் ஒரே பலகையில் கரை சேர்ந்தனர். பிறகு ரோஜர் அப்பிரிவின் தங்கப் பதக்கத்தையும் வென்றார். அவருடைய மனம் பெரிது என்பது உண்மைதான். அந்தப் பலகையும் இருவரைத் தாங்கும் அளவுக்குப் பெரிதாக இருந்தது.

அப்படியானால் எப்போது மாறுவது? வயதையோ மாதங்களையோ வைத்து இதைச் சொல்ல முடியாது. உடைந்து நுரைத்து வரும் வெள்ளை அலையில் எழுந்து நிற்பது முதற்படி. யாரும் பின்னாலிருந்து தள்ளிவிடாமல், இன்னும் உடையாத அலையைத் தானே தேர்ந்து, அதில் ஏறி, இடப்புறமும் வலப்புறமும் திருப்பத் தெரிந்த பிறகு அடுத்த அளவைப் பற்றி யோசிக்கலாம். அப்போதும் 9 அடியிலிருந்து ஒரேயடியாக 6 அடிக்குத் தாவ வேண்டியதில்லை; 8 அடி, 7 அடி என்று இறங்கலாம். மேற்பரப்பு மென்மையான நுரைப்பலகைகள் இந்த அளவுகளில் கிடைக்கின்றன. அவை மோதினாலும் காயம் குறைவு. ஆண்டுக்கு ஒரு விடுமுறையில் மட்டும் கடலைப் பார்க்கும் சுங்கை லாலாங் பிள்ளைக்கு இதற்குச் சில பருவங்கள் பிடிக்கலாம். அதுவரை, கடை வாசலில் சாத்தி வைத்திருக்கும் அந்தக் கூர்மூக்குப் பலகையைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருப்பதை எடுத்துக்கொண்டு போகலாம். செராத்திங்கில் சிவப்புக் கொடி பறக்கும் நாளில் அதையும் எடுக்க வேண்டியதில்லை.