அந்தக் கையை விட்டுவிடுங்கள்

விஜயதசமியன்று நம் பாகான் டத்தோ பக்கத்துக் கோயில்களில் பார்த்திருப்பீர்கள். தட்டில் பரப்பிய அரிசியில் 'அ' எழுதச் சொன்னால் சில பிள்ளைகள் இடக்கையை நீட்டும். உடனே அந்தக் கையை மடியில் அழுத்திவிட்டு, வலக்கையைப் பிடித்து எழுத வைக்கிறோம். பிள்ளை திருதிருவென்று விழிக்கும். நாம் படம் எடுத்துக்கொள்வோம்.

"சின்னதிலேயே மாத்திடணும், இல்லாட்டி பழகிப்போயிரும்" என்கிறோம். பழகித்தான் வந்ததா அது? பால் குடிக்க வாயைக் குவிக்கவும், உள்ளங்கையில் விரல் வைத்தால் இறுக்கிப் பிடிக்கவும் எந்தக் குழந்தைக்கு யார் பாடம் நடத்தினோம்? வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட்டில் பீட்டர் ஹெப்பர் என்ற ஆய்வாளர், கருவிலிருக்கும் குழந்தைகள் எந்தக் கட்டைவிரலைச் சூப்புகின்றன என்று ஸ்கேனில் பார்த்துக் குறித்து வைத்தார். பத்துப் பன்னிரண்டு வயதில் அவர்களை மறுபடி தேடிப் பார்த்ததில், வலது விரல் சூப்பிய 60 பேரும் வலக்கைக்காரர்கள். இடது விரல் சூப்பிய 15 பேரில் 10 பேர் இடக்கைக்காரர்கள். முடிவு 2005இல் வெளிவந்தது. மீதி ஐந்து பேர் வலக்கைக்கு வந்துவிட்டதால், எல்லாம் வயிற்றிலேயே முடிவாகிவிடும் என்று நான் அடித்துச் சொல்லவில்லை. ஆனால் நம் அதட்டலுக்கு வெகு முன்பே தொடங்கிவிட்ட ஒன்றைக் கெட்ட பழக்கம் என்று எப்படிச் சொல்வது?

சாப்பாட்டு நேரத்தில் பாட்டி "பீச்சாங்கையை எடு" என்பார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். பெரியவர்களிடம் வலக்கையால் கொடுப்பதும் வாங்குவதும் மரியாதை. பக்கத்து மலாய்க்காரர் வீட்டிலும் அப்படித்தான். அது கற்றுக்கொடுத்து வருவது, பிள்ளையும் கற்றுக்கொள்ளும். பென்சிலையும் அதே கணக்கில் ஏன் சேர்க்கிறோம்?

நம் ஊர்த் தென்னந்தோப்பில் கொப்பரைக்குத் தேங்காய் பிளப்பவர் பாராங் கத்தியை எந்தக் கையில் பிடிக்கிறார் என்று எவராவது கவலைப்பட்டதுண்டா? பாகான் செராயில் பிறந்த பூப்பந்து வீரர் லீ சோங் வெய், 2008லும் 2012லும் ஒலிம்பிக் இறுதியில் லின் டானிடம் தோற்றபோது நாடே தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருந்தது. லின் டான் இடக்கைக்காரர். அந்தக் கையை அன்று யாரும் பீச்சாங்கை என்று சொல்லவில்லை.

நம் வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் ஏன் இந்தத் தண்டனை? எழுத்து கோணுகிறது, கை பட்டு மை இழுபடுகிறது என்பீர்கள். இழுபடும்தான். நோட்டைச் சற்று இடப்பக்கம் தள்ளி, அதன் மேல்பக்கம் வலதுபுறம் சாய்ந்திருக்கும்படி வையுங்கள். பென்சிலை முனையிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடிக்கச் சொல்லுங்கள். பள்ளியில் இருவர் உட்காரும் மேசை என்றால், பிள்ளைக்கு இடதுபக்க இருக்கை தரும்படி ஆசிரியரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்; பக்கத்துப் பிள்ளையின் முழங்கை இடிக்காது.