பதிவேடு யார் கையில்?

அமெரிக்க நாட்டிலே முதலாளிக்குத் தந்த வரிச்சலுகையோடு தொழிலாளியின் கூலியையும் சேர்த்து முடிச்சுப் போட்டார்கள். அந்த முடிச்சு கெட்டியானதா என்று இழுத்துப் பார்க்கவேண்டாமா, தோழர்களே?

2022 ஆகஸ்டு 16 அன்று குடியரசுத் தலைவர் பைடன் கையொப்பமிட்ட சட்டத்துக்குப் பணவீக்கக் குறைப்புச் சட்டம் என்று பெயர். பெயரைப் பார்த்து ஏமாறவேண்டாம்! கதிரவன் ஒளியிலும் காற்றிலும் மின்சாரம் எடுக்கப் பெரிய நிலையம் கட்டுவோர், போட்ட முதலில் 6 விழுக்காட்டை வரியில் கழித்துக்கொள்ளலாம் என்றது அது. வட்டாரத்தில் நிலவும் கூலியைக் கொடு, பதிவு பெற்ற பயிற்சித் தொழிலாளரைச் சேர்த்துக்கொள், 30 விழுக்காடாகக் கழித்துக்கொள் என்றது. ஐந்து மடங்கு! 2024 முதல் தொடங்கும் வேலைகளில், உழைப்பு நேரத்தில் 15 விழுக்காடு பயிற்சித் தொழிலாளருடையதாக இருக்கவேண்டும்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் கூலி கொடுத்ததற்குச் சாட்சி எது? பதிவேடு! ஆளின் பெயர், வேலையின் வகை, உழைத்த நேரம், மணிக்கூலி, பிடித்தம் அத்தனையும் அதில் இருக்கவேண்டும். சூது புகுவதும் அங்கேதான். மின்கம்பி இழுத்தவனை 'எடுபிடி' என்று எழுதினால் போதும். கூலி சரியும், பதிவேடோ பளிச்சென்று இருக்கும்! பதிவில்லாத இளைஞனைப் பயிற்சியாளன் என்று எழுதிக் கூலியைக் குறைப்பதும் இதே வித்தைதான். பதிவில்லாதவனுக்கு முழுக்கூலி என்பதே விதி.

அரசாங்கக் கட்டட வேலைக்கு நிலவும் கூலி தரவேண்டுமென 1931-லேயே டேவிஸ்-பேக்கன் சட்டம் வந்துவிட்டது. முன்வாசலில் கூலியைக் கொடுத்து, பின்வாசலில் பங்கைப் பிடுங்கினர் காண்ட்ராக்டர்கள். (எங்கேயோ கேட்ட கதையாக இருக்கிறதா?) 1934-ல் கோப்லண்டு சட்டம் அதைக் குற்றமாக்கிற்று, வாரந்தோறும் கூலிக் கணக்கை ஒப்படைக்கவும் வைத்தது.

2022 சட்டத்துக்கு அந்த வாரக் கணக்கு இல்லை! 2024 ஜூனில் வந்த இறுதி விதிகள் அதைக் கேட்கவில்லை. முதலாளியே வைத்திருந்து, வரித்துறை கேட்கும்போது காட்டினால் போதும். குறைகூலி என்று கண்டால் பாக்கியை வட்டியோடு தொழிலாளிக்குக் கொடுத்து, ஆளுக்கு 5,000 டாலர் அரசுக்குத் தண்டம் கட்டிச் சலுகையைக் காத்துக்கொள்ளலாம். வேண்டுமென்றே செய்திருந்தால் பாக்கி மும்மடங்கு, தண்டம் 10,000. கடுமைதான்; ஆனால் கண்டுபிடிப்பதற்குள் கட்டடம் முடிந்து, கட்டியவன் எந்த மாநிலத்தில் கல் சுமப்பானோ!

2025 ஜூலை 4-ல் வந்த சட்டம், கதிரவன், காற்று நிலையங்களின் சலுகைக்குக் கெடு வைத்துவிட்டது. அதனால் பதிவேட்டை மூடிவிட முடியாது. முதலீட்டுச் சலுகை பெற்ற நிலையங்களில், ஓடத் தொடங்கி 5 ஆண்டுவரை பழுதுபார்க்கும் வேலைக்கும் அதே கூலி விதிதான்.

அங்குள்ள தொழிலாளி தன் நேரத்தையும் செய்த வேலையையும் தானே அன்றன்று குறித்துவைக்கட்டும். வாரக் கணக்கின் படி ஒன்று சங்கத்துக்கு வரவேண்டும் என்று, வேலை தொடங்குமுன்பே ஒப்பந்தத்தில் எழுதி வாங்கட்டும். அதற்குப் புதுச்சட்டம் எதுவும் தேவையில்லை.